1 யோவான் 5:7: அம்மா பைபிளில் இருக்கு, அண்ணி பைபிளில் இல்லை

பனங்காடு: நேற்று ராத்திரி குடும்ப ஜெபம். அம்மா பழைய மொழிபெயர்ப்பில், "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று வாசித்தார். அண்ணி கத்தோலிக்க வீட்டுப் பெண். கையில் திருவிவிலியம். விரலை வைத்துத் தேடுகிறார், அந்த வரியே இல்லை. நேரே ஆவி, நீர், இரத்தம். "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" (2 தீமோ 3:16) என்கிறோமே, இதில் எது வேதவாக்கியம்?

சீயோன்வாசி: நீக்கிட்டாங்க, வேறென்ன. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே தேவன்ங்கிற திரித்துவத்துக்கு இவ்வளவு தெளிவான வசனம் வேற இல்லை. வெளிப்படுத்தல் 22:19 வாசிங்க பிரதர், எடுத்துப்போடுறவனுக்கு என்ன கிடைக்கும்னு இருக்கு.

கறுப்புமை: அண்ணே, அதுக்கு முந்தின வசனம் 22:18, கூட்டுகிறவனைப் பத்தி. அதையும் வாசிங்க. 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கிரேக்கப் பிரதிகள் இரண்டிலும் இந்த வரி கிடையாது. லத்தீனில் வழங்கிவந்தது. எராஸ்மஸ்ங்கிற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 1516லயும் இல்லை, 1519லயும் இல்லை, 1522ல்தான் நுழைஞ்சது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கின லூத்தரே தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்க்கலை. பல நூற்றாண்டு இதை லத்தீனில் காப்பாத்தினது கத்தோலிக்கச் சபைதான். பழி மட்டும் அண்ணி தலையில!

சீயோன்வாசி: அப்போ திரித்துவம் பொய்யா?

ஓரக்குறிப்பு: யார் அப்படிச் சொன்னது? பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19 அங்கேயே இருக்கிறது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று சொன்ன ஆரியுவோடு மல்லுக்கட்டிய ஆதிச் சபையின் கிரேக்கப் பிதாக்கள் இந்த வரியைத் தொடவே இல்லை. அவர்கள் பிரதியில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

கறுப்புமை: சரி, வேதத்தில் பிழையே இல்லைங்கிற பேச்சுக்கு வாங்க. அதுக்காக சுவிசேஷ சபைத் தலைவர்கள் வெளியிட்ட 1978 சிகாகோ அறிக்கை, தேவ ஏவுதல் மூலப்பிரதிக்குத்தான்னு சொல்லுது. மூலப்பிரதி ஒண்ணுகூட யாரிடமும் இல்லை. கையில் இல்லாத பத்திரத்தைச் சொல்லி நிலம் கேட்கிற கதை.

ஓரக்குறிப்பு: மூலப் பத்திரம் தொலைந்தாலும், வெவ்வேறு வீட்டில் இருக்கும் நகல்களை ஒப்பிட்டால் எந்த வரி பின்னால் வந்தது என்று பிடிபடும். 5:7 மாட்டியதே அப்படித்தான். 1947இல் சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளை எடுங்கள். அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. எழுத்துக்கூட்டல், சில சொற்கள் மாறும். புத்தகம் அதே ஏசாயாதான்.

கறுப்புமை: அதே சுருளில் 40:7, 8 பார்த்தீங்களா? "நமது தேவனுடைய வசனமோ என்றென்றைக்கும் நிற்கும்" வருகிற இடம். முதலில் எழுதினவர் கையில் ஒரு துண்டு இல்லை. பின்னால வேறொரு கை வரிக்கு நடுவில் நுழைச்சு, இடம் போதாம இடது ஓரத்தில் இறக்கியிருக்கு.

ஓரக்குறிப்பு: பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஓரம்தான் பிடிக்கும். மறைக்க நினைத்தவன் புதுத்தோலில் எழுதியிருப்பான். நான் நம்பும் வேதம் வானத்திலிருந்து கட்டாக விழுந்ததல்ல, தம்பி. மனுஷர் கை வழியாக வந்தது.

கறுப்புமை: மனுஷர் கைங்கிறதுவரை நானும் ஒத்துக்கிறேன். "தேவ ஆவியினால்" என்பதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது.

சீயோன்வாசி: என்னமோ போங்க. என் தகப்பன் வாசிச்ச வசனம். வர்ற ஞாயிறும் 5:7 வாசிப்பேன்.

பனங்காடு: வாசிங்க அண்ணே. எங்கம்மாவும் வாசிப்பாங்க. எங்க அண்ணி நீக்கிட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.