வெளிநாட்டு உதவியில் முதலிடம் யாருக்கு: அமெரிக்காவா, நார்வேயா?

தருமபுரி_டீச்சர்

வணக்கம். தருமபுரி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குப் பொருளியல் எடுக்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்காக, ஏழை நாடுகளுக்கு யார் அதிகம் உதவுகிறார்கள் என்று சார்ட் தயாரிக்கச் சொன்னேன். இரண்டு குழு, இரண்டு சார்ட், இப்போது வகுப்பில் ஒரே சண்டை.

முதல் குழு டாலரில் போட்டிருக்கிறது. 2024இல் அமெரிக்கா 6,330 கோடி டாலர், ஜெர்மனி 3,240 கோடி, பிரிட்டன் 1,800 கோடி, ஜப்பான் 1,680 கோடி, பிரான்ஸ் 1,540 கோடி. இரண்டாவது குழு மொத்த தேசிய வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது. அங்கே நார்வே 1.02, லக்சம்பர்க் 1.00, ஸ்வீடன் 0.79, டென்மார்க் 0.71. ஐ.நா. வைத்த 0.7 சதவீத இலக்கைத் தாண்டியது இந்த நான்கு மட்டும்தான். அமெரிக்கா 0.22இல் எங்கோ கீழே கிடக்கிறது.

டாலர் குழுவில் ஒரு பெண் கேட்கிறாள்: "பசித்தவனுக்கு எத்தனை இட்லி வந்தது என்பதுதானே மிஸ் கணக்கு? கொடுத்தவன் வீட்டில் எவ்வளவு மாவு இருந்தது என்று எதற்குப் பார்க்க வேண்டும்?" எனக்கு உடனே பதில் வரவில்லை. எந்தச் சார்ட்டை முன்னால் மாட்டலாம்?

கோவை_கொங்கன்

இதில் என்ன குழப்பம் டீச்சர்? அந்தப் பெண் சொல்வதுதான் சரி. சதவீதத்தை வைத்து யாருக்கும் தடுப்பூசி போட முடியாது. எய்ட்ஸ் மருந்துக்காக 2003இல் புஷ் தொடங்கிய திட்டம் ஒன்றே போதும், ஆப்பிரிக்காவில் எத்தனை லட்சம் உயிர் பிழைத்தது. லக்சம்பர்க் முழுவதும் சேர்ந்தாலும் அது நடக்காது.

ஆனால் தலைப்பில் 2024 என்று பெரிதாக எழுதுங்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்வதாக 2025 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் ரூபியோ அறிவித்தார். ஜூலை 1இல் அதில் மிஞ்சியதை வெளியுறவுத் துறைக்குள் சேர்த்துவிட்டார்கள்.

பழைய_கணக்கர்

டீச்சர், இரண்டு சார்ட்டையுமே மாட்டுங்கள். ஆனால் பிள்ளைகள் சண்டை போட வேண்டிய இடம் இது இல்லை. டாலரா சதவீதமா என்பது வெறும் வகுத்தல் கணக்கு. வேண்டுமானால் தலைக்கு எவ்வளவு என்றும் வகுக்கலாம். நார்வேயில் ஆளுக்கு 900 டாலருக்கு மேல் வரும், அமெரிக்காவில் 190கூட வராது. எப்படி வகுத்தாலும் மேலே இருக்கும் தொகை அதே தொகைதான். அந்தத் தொகைக்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நான் வெளிநாட்டுப் பணத்தில் ஓடிய திட்டங்களுக்குக் கணக்கு எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன். எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பிரிட்டனைப் பாருங்கள். 2023இல் அவர்கள் உதவி என்று காட்டியது 1,530 கோடி பவுண்டு. அதில் 430 கோடி பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. அகதிகளையும் புகலிடம் கேட்டு வந்தவர்களையும் தங்கவைத்த செலவு அது, பெரும்பகுதி ஹோட்டல் பில். நூற்றுக்கு 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது திருட்டுக் கணக்கு இல்லை. அகதி வந்து இறங்கிய முதல் 12 மாதச் செலவை வளர்ச்சி உதவியில் காட்டலாம் என்று ஓஇசிடி விதியே இருக்கிறது. பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பு அது, உதவிக் கணக்கை எப்படி எழுதுவது என்று முடிவு செய்வது அங்கேதான். அகதிக்குச் சோறும் கூரையும் கொடுப்பது நல்ல காரியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மலாவியில் பள்ளிக்கூடம் கட்டுகிற தலைப்பிலேயே இதையும் எழுதினால் எப்படி? நான் அப்படி ஒரு வவுச்சர் போட்டிருந்தால் எங்கள் ஆடிட்டர் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருப்பார். 2023இல் உதவி தரும் நாடுகள் எல்லாம் சேர்ந்து இந்த வகையில் காட்டியது சுமார் 3,100 கோடி டாலர். லக்சம்பர்க்கும் ஆஸ்திரேலியாவும் இதைச் சேர்ப்பதே இல்லை. ஆகவே உங்கள் சார்ட்டில் இருக்கும் லக்சம்பர்க்கின் 1.00 கொஞ்சம் சுத்தமான எண்.

அடுத்தது கடன். இது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதே, ஃப்ளோரைடு தண்ணீரால் பல் கறைபட்டதற்கு மாற்றாகக் கொண்டுவந்த திட்டம், அது ஜப்பான் கடனில் வந்தது. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்திலும் பெரும்பங்கு ஜப்பான் கடன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம். அப்படியானால் இது உதவியா?

2018க்கு முன்னால் முழுக் கடனையும் கொடுத்த வருடம் உதவியாக எழுதுவார்கள், அசல் திரும்பி வர வரக் கழிப்பார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். இப்போது கடனில் எவ்வளவு சலுகை இருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். பிள்ளைகளுக்குப் போர்டில் போட்டே காட்டலாம். 100 கோடி கடன், 1 சதவீத வட்டி, 30 வருடம், முதல் 10 வருடம் அசல் கட்ட வேண்டாம். இந்தியா மாதிரி கீழ்-நடுத்தர வருமான நாடு என்றால் எதிர்காலத் தவணைகளை வருடத்துக்கு 7 சதவீதம் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். தவணை எல்லாம் சேர்ந்து இன்றைய மதிப்பில் சுமார் 37 கோடிதான் வரும். மீதி 63 கோடியை ஜப்பான் உதவி என்று எழுதிக்கொள்ளலாம்.

அந்த 7 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 5 அடிப்படை, நாட்டின் இடருக்காக மேலே 2. ரொம்ப ஏழை நாடு என்றால் 9. உலகச் சந்தையில் வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த காலத்திலும் இதே 7, 9தான். ஜப்பான் ஒரு சதவீதத்துக்குக் கடன் வாங்கி ஒரு சதவீதத்துக்குக் கொடுத்தாலும் காகிதத்தில் பெரிய தர்மம் செய்தது போலத் தெரியும். புதிய முறை வந்த 2018இல் ஜப்பானின் உதவி பழைய முறையில் வரும் எண்ணைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஜப்பான் அந்த வருடம் கூடுதலாக ஒரு யென் கொடுத்தது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

மூன்றாவது, கட்டிப்போட்ட உதவி. நான் கணக்குப் பார்த்த ஒரு குடிநீர்த் திட்டத்தில் ரிக் வண்டி வாங்க வேண்டியிருந்தது. திருச்செங்கோட்டில் சொன்னால் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் பணம் கொடுத்த நாட்டிலிருந்துதான் இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. விலை இரண்டு பங்கு. உதிரிபாகம் ஒன்று உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு பங்கு விலையும் அவர்கள் கணக்கில் நமக்குச் செய்த உதவி. இது எங்கள் ஒரு திட்டத்தின் கதை மட்டும் இல்லை. அமெரிக்க உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கப்பல் கூலி ஏறினால் கோதுமை குறையும். அந்தப் பெண்ணின் இட்லிக் கணக்குக்கு இங்கேதான் பதில்: டாலர் எண்ணிக்கை எத்தனை இட்லி என்பதைச் சொல்வதில்லை. என்ன விலைக்குப் பில் போட்டார்கள் என்பதைத்தான் சொல்கிறது.

ஒஸ்லோ_மாமா

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடனைச் சலுகை அளவில் எழுதுவது என்ற முடிவை ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு 2014 டிசம்பரில் எடுத்தது. அப்போது அந்தக் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? எரிக் சோல்ஹைம். நம் ஆட்களுக்கு அவர் பெயர் இலங்கைச் சமாதானப் பேச்சுவார்த்தையோடுதான் ஞாபகம். அதற்கு முன் இங்கே நார்வேயில் வளர்ச்சி உதவி அமைச்சராகவும் இருந்தவர்.

இங்கே ஒரு சதவீதம் என்பது கட்சிக்குக் கட்சி மாறுகிற விஷயமாக இருந்ததில்லை, முன்னேற்றக் கட்சிக்காரர்கள் மட்டும் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய்ப் பணம் இருக்கிறது, கொடுக்கிறார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி பதில்தான். எண்ணெய் இல்லாத ஸ்வீடன் 1970களிலேயே 0.7ஐத் தொட்டது. ஆனால் நார்வேயிலும் அகதிச் செலவு அந்த ஒரு சதவீதத்துக்குள்தான் வருகிறது. உக்ரைன்காரர்கள் நிறையப் பேர் வந்த பிறகு அது இங்கே பெரிய சர்ச்சை. என் பக்கத்து வீட்டு நார்வேக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "மொசாம்பிக்குக்குக் கொடுப்பதாகச் சொல்லி நம் நகராட்சிக்கே கொடுக்கிறோம்" என்று பேப்பர் படிக்கும்போதெல்லாம் திட்டுவார்.

அந்த 0.7 இலக்கு வந்த கதையையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சிரிப்பார்கள். 1969இல் அதைப் பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர் கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன். 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. கனடா இன்று வரைக்கும் அதை எட்டவில்லை!

வன்னியான்

கொடுக்கிறவர் பக்கக் கணக்கை எல்லாரும் எழுதியாச்சு. வாங்கின பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சொல்கிறேன்.

போர் முடிந்த பிறகு வடக்கு, கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. மலையகத்தையும் சேர்த்து 50,000 வீடு. எங்கட பக்கம் ஒரு குடும்பத்துக்கு இலங்கைக் காசில் ஐந்தரை லட்சம், தவணை தவணையாக வங்கியில் போடுவார்கள். அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழும்பினால் ஒன்று. இது முழுக்க நன்கொடை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. எங்கட அம்மாவின் வீடும் அதில்தான் கட்டினது. ஆனால் சீமெந்தும் மணலும் விலை ஏறினது, தொகை ஏறவில்லை. கூரை போடுகிற நேரம் நகை அடகு வைத்த வீடுகள் எங்கட ஒழுங்கையில் நிறைய. அதையும் சொல்லத்தான் வேணும். அதேநேரம் தகரக் கொட்டிலில் இருந்த சனம் கல்வீட்டுக்குப் போனது அந்தக் காசாலதான்.

டீச்சர், உங்கட இரண்டு சார்ட்டிலும் இந்தியா இல்லை. நான் இருக்கிற வீட்டைக் கட்டித் தந்த நாடு பட்டியலில் காணவில்லையே என்றுதான் கேட்கிறேன்.

தருமபுரி_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஒகேனக்கல் தண்ணீர் பற்றிச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. தினமும் குடிக்கிற தண்ணீருக்குப் பின்னால் ஜப்பான் கடன் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. அந்த 100 கோடிக் கணக்கை டாலர் குழுப் பெண்ணே போர்டில் போட்டுக் காட்டினாள்.

வன்னியானின் கேள்விதான் இப்போது என் கேள்வியும். கணக்கர் சார், இந்தியாவையும் சீனாவையும் எங்கே வைப்பது?

பழைய_கணக்கர்

வன்னியான் தம்பி சரியான இடத்தில் பிடித்தார். அந்தப் பட்டியல் ஓஇசிடிக்குக் கணக்குக் கொடுக்கிற நாடுகளுக்கு மட்டும். இந்தியா கொடுப்பதில்லை, சீனாவும் கொடுப்பதில்லை. இந்தியா 1964 முதல் ஐடெக் என்ற பயிற்சித் திட்டம் நடத்துகிறது, 2012இல் வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென்று தனிப் பிரிவே தொடங்கியது. நம் பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவித் தலைப்பைத் திறந்தால் முதலில் நிற்பது பூட்டான், 2024-25இல் 2,068 கோடி ரூபாய். இது போக அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாகக் கொடுக்கும் கடன்கள் வேறு. அவற்றில் எவ்வளவு சலுகை என்று ஜப்பான் கடனுக்குப் போட்ட மாதிரியே கணக்குப் போட்டால்தான் ஒரே வரிசையில் நிறுத்த முடியும். சீனக் கடன்களில் பல சந்தை வட்டியை ஒட்டியவை, இந்த முறையில் போட்டால் பாதி உதிர்ந்துவிடும்.

ஆகவே இந்தியாவையும் சீனாவையும் அதே சார்ட்டில் திணிக்காதீர்கள். பக்கத்தில் தனித் தாள் ஒட்டுங்கள். அதில் துருக்கியையும் சேர்க்கலாம். வளர்ச்சி உதவிக் குழுவில் உறுப்பினர் இல்லை, ஆனாலும் கணக்குக் கொடுக்கிறது. 2017இல் தேசிய வருமானத்தில் 0.9 சதவீதத்துக்கு மேல் காட்டியது. காரணம் சிரிய அகதிகள். அதைப் பார்த்துவிட்டு நார்வேக்கு அடுத்தபடி துருக்கிதான் வள்ளல் என்று யாராவது சொன்னால், அந்த 12 மாத விதியை உங்கள் பிள்ளைகள் எடுத்துச் சொல்லட்டும்.

சார்ட்டில் ஒவ்வொரு நாட்டின் பட்டையையும் மூன்று நிறமாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வெளியே போன நன்கொடை, கடன் சலுகை, உள்நாட்டு அகதிச் செலவு. ஓஇசிடி தளத்தில் நாடுவாரியாக அந்தப் பிரிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிரிட்டனுக்குப் பெரிய ஸ்கெட்ச் பேனா தேவைப்படும், முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.