ரிப்பை வெட்டினா ஹேட்சிங் போடக் கூடாதா?

தக்கலைப் பொண்ணு:
டிப்ளமோ மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் படிக்கேன். பேரிங் பிராக்கெட் (சுழலும் தண்டைத் தாங்குற இரும்புத் தாங்கி) ஒண்ணுக்கு, நடுவே வெட்டினா உள்ளே எப்படித் தெரியும்னு காட்டுற ஃபுல் செக்‌ஷன் வரையச் சொன்னாங்க. அதில் 12 மி.மீ. கனத்தில் முக்கோணமா ஒரு ரிப் (பலத்துக்கு வைக்கிற மெலிஞ்ச விலா) நிக்குது. வெட்டுத்தளம் அந்த ரிப்பின் நடுவே நீளவாக்கில் போகுது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் ஹேட்சிங், அதாவது சாய்வுக் கோடுகள், போடணும்னு படிச்சதால ரிப்புக்கும் போட்டேன். சார் சிவப்பு மையில் சுழிச்சுட்டாங்க. ஆனா அதே ரிப்பை டாப் வியூவில் குறுக்கே வெட்டினா ஹேட்சிங் போடணுமாம். ரெண்டிலும் வெட்டுப்படுறது அதே இரும்புதானே? காரணம் தெரியாம மனப்பாடம் பண்ண மனசு வரல.

மார்த்தாண்டம் பேட்டர்ன்காரர்:
மக்கா, நான் 30 வருஷமா மரத்தில் பேட்டர்ன், அதாவது இரும்பு வார்க்க அச்சு எடுக்கிற மாதிரி உரு, செய்றேன். ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்கு பிராக்கெட்டும் பல்சக்கரமும்தான் நம்ம பக்கத்து வேலை. நீ கேக்கிற விஷயத்தில் கைக்காசு போன ஆளு நான்.

ஒரு பட்டறையிலிருந்து டிராயிங் வந்துது. ஒரே ஒரு செக்‌ஷன் வியூ, சைடு வியூ கிடையாது. அடித்தட்டு அகலம் 100. நீ சொன்ன அதே முக்கோணம். நிமிர்ந்த பக்கம் 120, படுத்த பக்கம் 90, உள்ளே நிறைய 45 டிகிரி கோடு. கோடு கண்டா அது கட்டின்னுதான் நான் எடுப்பேன். 100 அகலத்துக்கும் மரத்தை நிறைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, அரக்கு பூசி, ஃபவுண்டரிக்குக் கொடுத்துட்டேன். நாலு பிராக்கெட் வார்த்து வந்த பிறகுதான், அவங்க நினைச்சது நடுவில் 12 மி.மீ. ரிப்னு தெரியுது. ரெண்டு பக்கமும் 44 வீதம் வேண்டாத இரும்பு. கணக்குப் போட்டுப் பாரு, ஒண்ணுக்கு 3 கிலோவுக்கு மேல வரும். ஒண்ணை அறுத்துப் பார்த்தோம். தடிச்ச இடத்தில் இரும்பு குளிரும்போது சுருங்கி உள்ளே பொள்ளலா இருந்துது.

அதான் மக்கா காரணம். மெலிஞ்ச ரிப்பை நீளவாக்கில் வெட்டிக் கோடு போட்டா, அந்த இடம் முழுக்க இரும்பு அடைச்ச மாதிரி தோணும். குறுக்கே வெட்டினா 12 மி.மீ. கனம் கண்ணு முன்னால நிக்குது, யாரும் ஏமாற வழியில்லை. அதனால அங்கே கோடு உண்டு.

குளச்சல் டிசைனர்:
அண்ணன் சொல்றதுதான் பி.ஐ.எஸ்.ஸின் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) டிராயிங் விதிப் புத்தகம் எஸ்.பி. 46 : 2003-லயும் இருக்கு தங்கச்சி. ஷாஃப்ட், போல்ட், நட், கீ, ரிவெட், பின், சக்கரத்தின் ஆரக்கால் எதுக்கும் நீளவாக்கில் ஹேட்சிங் கிடையாது. ஷாஃப்ட்டில் கீவே (கீ உக்காருற பள்ளம்) காட்டணும்னா அந்த இடத்தை மட்டும் உடைச்சுக் காட்டு.

உன் பிராக்கெட்டில் புஷ் (துளைக்குள்ளே போடுற உருளை) இருந்தா அதோட ஹேட்சிங்குக்கு எதிர்ச் சாய்வு. ஆட்டோகேடில் ஏஎன்எஸ்ஐ31-ங்கிற ஹேட்சிங் வகையை எடுத்து ஆங்கிள் 90 கொடு. ஆனா ஒரே பாகம் ரெண்டு இடத்தில் தெரிஞ்சா சாய்வும் இடைவெளியும் மாறவே கூடாது. சாலிட்வொர்க்ஸில் ரிப் கமாண்டில் செஞ்ச ரிப்பை, செக்‌ஷன் ஸ்கோப்பில் (எதை வெட்டக் கூடாதுன்னு சொல்ற இடம்) நாமளே விலக்கணும். இதை மறந்து விடுறவங்க நிறைய.

தக்கலைப் பொண்ணு:
இப்போ தெளிவாயிட்டு அண்ணா, நன்றி. ரிப்பும் தட்டும் சேருற இடத்தில் என்ன கோடு போடணும்? கோடே இல்லாம விட்டா ஹேட்சிங் அந்தரத்தில் நிக்குதே.

மார்த்தாண்டம் பேட்டர்ன்காரர்:
அங்கே தடிச்ச முழுக்கோடு மக்கா. ஹேட்சிங் அந்தக் கோட்டில் முட்டி நிக்கணும். பிறகு ரிப்பின் நடுவில் அதோட குறுக்குவெட்டைத் திருப்பி, மெல்லிய கோட்டில் சின்னதா வரைஞ்சு 12ன்னு எழுது. அது குறுக்கே வெட்டினது, அதனால அதுக்குள்ளே ஹேட்சிங் போடலாம். அன்னைக்கு வந்த தாளில் அந்தச் சின்னப் படம் மட்டும் இருந்திருந்தா நான் மரத்தை நிறைச்சிருக்க மாட்டேன். வரைஞ்சுட்டு இங்கே போடு, பார்த்துச் சொல்றேன்.