கலைச்சொல் விவாதம்: ‘ஃபிடில் யார்டு’ என்பதற்குக் ‘கரந்துறை’ – ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சிற்றிடத்தில் மாதிரி இரயில் அமைப்போர், காட்சிக்கு வெளியே வண்டிகள் காத்து நிற்கும் தடப்பகுதியைக் குறிக்கப் புழங்கும் ‘ஃபிடில் யார்டு’ என்னும் சொல்லுக்கு இவ்விழையில் இதுவரை ‘பிடில் முற்றம்’, ‘கைமாற்று முற்றம்’, ‘மறைநிலையம்’ ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘கரந்துறை’ என்பதை முன்மொழிகிறேன். அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்பது தெளிவானால்தான் சொல்லின் பொருத்தத்தை எடைபோட முடியும் என்பதால், இப்பொழுதுபோக்கில் பழக்கமில்லாத உறுப்பினர்களுக்காக அதை முதலில் விளக்குகிறேன்.

பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) வடிவப் பெட்டி ஒன்று சுமார் 21.3 மீட்டர் நீளமுடையது. பிரிட்டனில் பரவலாக உள்ள ஓஓ அளவில், அதாவது 1:76.2 விகிதத்தில், அது ஏறத்தாழ 28 செ.மீ. ஆகும், பத்துப் பெட்டி கோத்தால் எஞ்சின் நீங்கலாகவே 2.8 மீட்டர். பிரிட்டனின் என் அளவுக்கு, அதாவது 1:148 விகிதத்துக்கு இறங்கினாலும் அதே வண்டி 1.4 மீட்டருக்கு மேல் வரும். அளவைச் சிறிதாக்கினால் இடப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது பாதிதான் உண்மை. வட்டத் தடம் போடலாம் என்றால், ஓஓ அளவில் கடைகளில் கிடைக்கும் இரண்டாம் வளைவுத் தடத்தின் ஆரம் 438 மி.மீ. ஆகையால், பலகையின் அகலமே ஒரு மீட்டரை நெருங்கிவிடும். ஓர் அறையும் கூடமும் உள்ள வீட்டில் அத்தனை பெரிய பலகையை எங்கே விரிப்பது? ஆகவேதான் சுவரோரம் முப்பது செ.மீ. அகலத்தில் நீளும் அலமாரிப் பலகை சிற்றிடக்காரரின் இயல்பான தேர்வாகிறது.

அலமாரிப் பலகையில் வண்டி சுற்றிவர இயலாது. ஒரு முனையிலிருந்து வந்து மறுமுனையில் நின்று திரும்ப வேண்டும். அது எங்கிருந்து வந்தது? நிலையத்தை விட்டுப் புறப்பட்டபின் எங்கே போயிற்று? இக்கேள்விகளுக்கு விடை தருவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் இடம். பலகையின் ஒரு பகுதியில் நிலையம், நடைமேடை, சமிக்ஞைக் கம்பம் எனக் காட்சி அமைந்திருக்கும். ஒரு பாலத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் காட்சி முடிந்துபோக, அதற்கு அப்பால் அலங்காரம் ஏதுமின்றி வெறும் தடங்கள் கிடக்கும். அந்த வெறும் தடங்களே உலகின் மற்ற ஊர்கள் அனைத்துக்கும் பதிலாக நிற்கின்றன. மாதிரி இரயில் வரைபடங்களுக்குப் பெயர்பெற்ற சிரில் ஃப்ரீசர் 1957-இல் வெளியிட்ட ‘மினோரிஸ்’ என்னும் நகர முனைய வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைத் தடமும் மூன்று நடைமேடைகளும் ஒடுக்கமான பலகைக்குள் அடங்கும் அவ்வடிவத்தைப் பிரிட்டனின் ஆர்வலர்கள் இன்றுவரை மீண்டும் மீண்டும் கட்டுகிறார்கள். நிலையத்துக்கு வந்து சேரும் புறநகர் வண்டிகள் ஒவ்வொன்றும் காட்சிக்கு வெளியேயுள்ள தடங்களில் முறை காத்து நின்றவையே. அப்பகுதியை எடுத்துவிட்டால் மினோரிஸில் வண்டி போய்வர வழியில்லை.

அப்பகுதிக்குள் வண்டிகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் சிற்றிடக்காரரின் திறமை முழுவதும் வெளிப்படுகிறது என்பது என் கருத்து. பாயிண்ட்டுகளை, அதாவது வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தடப்பிரிவுகளை, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துத் தடங்களைப் பிரிப்பது எளிய வழி. ஆனால் மாதிரித் தடங்கள் செய்யும் பீக்கோ நிறுவனத்தின் நடுத்தர ஓஓ பாயிண்ட் ஒன்று 219 மி.மீ. நீளமுடையது. ஆறு தடங்களுக்கு ஐந்து பாயிண்ட்டுகளை வரிசையாக வைத்தால், ஒரு பெட்டிகூட நிற்பதற்கு முன்பே ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். எனவே பாயிண்ட்டே இல்லாத முறைகளைக் கண்டார்கள். தடங்கள் பதித்த பலகை முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்து, வேண்டிய தடத்தை வாயிலுக்கு நேராகக் கொண்டுவருவது ஒரு முறை. இதை ‘நகர்தளம்’ எனலாம். ஒரு முனை அச்சில் நிற்க மறுமுனை மட்டும் விசிறிபோல் அசைவது இன்னொன்று. ‘விசிறித்தளம்’ என்பது போதும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நீளப் பலகையில் இரண்டு அலுமினியக் கோணப்பட்டைகளைத் தண்டவாளமாகப் பொருத்தி, அதன்மேல் வண்டி முழுவதையும் ஏற்றி, பலகையோடு தூக்கி வேறிடத்தில் வைத்துவிடுவார்கள். அதைத் தலைமாற்றி வைத்தால் வண்டியும் திரும்பிவிடும். மின்சாரம் அப்பட்டைகள் வழியாகவே பாய்கிறது. இரு முனைகளிலும் தடுப்பு வைக்க மறந்தால் எஞ்சின் தரையில் விழும் என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதைக் கேசட் என்கிறார்கள். தமிழில் அச்சொல் பாட்டு நாடாவை மட்டுமே நினைவூட்டும். தூக்குச்சட்டி, தூக்குவாளி என்று நம் வீடுகளில் வழங்கும் வழக்கையொட்டி இதற்குத் ‘தூக்குத்தடம்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

இனி முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘பிடில்’ என்று எழுதினால் தமிழர் நினைப்பது வயலினைத்தான். ஆங்கிலத்தில் இங்கு அது விரல்களால் எதையாவது எடுத்து வைத்து அளைவதைக் குறிக்கிறது. ‘கைமாற்று’ அதைவிடச் சிக்கலானது. அவசரத்துக்குப் பத்திரமில்லாமல் வாங்கும் கடனுக்கு அது நிலைபெற்ற சொல்லாகையால், கைமாற்று முற்றம் என்றதும் படிப்பவர் மனம் கடன் கொடுக்கும் இடத்துக்குப் போய்விடும். ‘முற்றம்’ வீட்டின் நடுவே வானம் பார்க்கத் திறந்திருப்பது. காட்சிக்குப் புறத்தே அமைவதை அப்பெயரால் அழைப்பது பொருந்தாது. ‘மறைநிலையம்’ நெருங்கி வருகிறது. எனினும் அங்கே பயணிகளுக்கான நிலையம் எதுவும் இல்லை.

‘கரந்துறை’ நமக்குப் புதிய சேர்க்கையன்று. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளின் எழுத்துகள் மறைந்து நிற்கும்படி பாடும் சித்திரகவி வகையைக் கரந்துறைப்பாட்டு என்று நம் புலவர்கள் வழங்கினார்கள். மறைந்து தங்குதல் என்னும் பொருளை இரண்டு வினைகளால் அது சுருங்கச் சொல்கிறது. ‘உறை’ என்பதால் வண்டி அங்கே கைவிடப்படவில்லை, மீண்டும் வருவதற்காகத் தங்கியிருக்கிறது என்பதும் தெரிகிறது. சேர்த்து ஒலிக்கையில் ‘துறை’ என்பதும் காதில் விழுவது எனக்கு மகிழ்ச்சியே. இலங்கையின் வடக்குப் பாதை முடியும் நிலையத்தின் பெயரே காங்கேசன்துறை அல்லவா?

கண்காட்சிகளில் இப்பகுதி பின்புறம் திறந்தே இருக்கிறது, இயக்குபவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், பிறகு கரத்தல் எங்கே என்ற மறுப்பு எழலாம். மறைவு காண்போருக்குத்தான், கரந்துறைப்பாட்டிலும் உள்ளே நிற்கும் செய்யுள் அதைப் பாடியவருக்கு மறைவானதில்லை.

சொல்லின் எல்லையையும் வரையறுத்துக்கொள்வது நல்லது. ஆலன் ரைட் வடிவமைத்த ‘இங்கிள்நூக்’ என்னும் ஷண்டிங் புதிரில், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசை மாற்றும் புதிரில், இரண்டே பாயிண்ட்டுகள். ஐந்து, மூன்று, மூன்று வேகன்கள் கொள்ளும் மூன்று தடங்கள். எட்டு வேகன்களிலிருந்து ஐந்தைக் குறித்த வரிசையில் கோக்க வேண்டும். அவ்வரிசைகள் 6,720 வகைப்படும். ஆட்டம் முழுவதும் கண்முன்னேயே நடப்பதால் அதற்குக் கரந்துறை தேவையில்லை. அதிலுள்ள தடங்களைக் கரந்துறை என்று யாரும் குறிக்கலாகாது.

அமெரிக்கர்கள் ‘ஸ்டேஜிங்’ என்பதில் பெரும்பாலும் வண்டிகள் கோத்தபடியே தொடாமல் காத்திருக்கும்; பிரிட்டிஷ் வழக்கிலோ கையால் பெட்டிகளை எடுத்து மாற்றிக் கோப்பதே ‘ஃபிடில்’ என்னும் பெயருக்குக் காரணம். இவ்வேறுபாட்டைத் தமிழிலும் காக்க, பொதுச்சொல்லாகக் கரந்துறையையும், கையால் மாற்றும் வகைக்குக் ‘கைக்கரந்துறை’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம்.

புணர்ச்சி பற்றி மட்டும் இலக்கணம் அறிந்தவர்களின் கருத்து வேண்டும். கரந்துறைப்பாட்டு என்பதில் ஒற்று மிகுவதால், நாமும் பெயராகவே கொண்டு ‘கரந்துறைத் தடம்’ என எழுதலாம் என்று எண்ணுகிறேன். ‘உறை தடம்’ என்று வினைத்தொகையாகக் கொள்வோர் ஒற்றில்லாமல் எழுத விரும்பக்கூடும். அவ்வாறு எழுதினால் கைக்கரந்துறை முதலிய கூட்டுச்சொற்களில் எது பெயர், எது வினை என்பது குழம்பும் என்று எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்துடையோர் எடுத்துக்காட்டுகளோடு எழுத வேண்டுகிறேன்.