2009 சான்ட்ரோ ஜிங் வாங்கலாமா? ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தெரிந்த பெரியவர் ஒருவர் தன் 2009 ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங் காரைக் கொடுக்கிறார். ஒரே ஓனர். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும், வண்டி நடுவழியில் நிற்கவே கூடாது.

போய்ப் பார்த்தேன். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. டிரைவர் பக்க மேட்டைத் தூக்கினால் தகரத்தில் லேசாகத் துரு. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு பில் இல்லை. அறுந்தால் வால்வுக்கும் சேதம் வரலாம் என்பதால், வாங்கினால் முதல் செலவு அதுதான்.

1.1 லிட்டர் எஞ்சின் நன்றாக உழைக்கும் என்றே நம்புகிறேன். லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஓட்டுபவர்களுக்கு பவர் ஸ்டீயரிங், ஏசி எப்படி? 2014-லேயே தயாரிப்பு நின்றுவிட்டதே, ஸ்பேர் தாராளமாகக் கிடைக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.