தோட்டத்தில் தெள்ளுப்பூச்சி: தேனீ, தேரை சாகாமல் ஒழிக்க வழி உண்டா?

கோவையில் வீட்டுத்தோட்டம். கொய்யா மரத்தடியில் நாய் படுக்கிற இடம் முழுக்கத் தெள்ளுப்பூச்சி. வெள்ளை சாக்ஸ் போட்டு நின்றால் கரும்புள்ளியாகத் துள்ளி ஏறுகிறது. நாய்க்கு டாக்டர் மாத்திரை கொடுத்தாயிற்று. சருகைக் கூட்டி, கிளை கழித்து வெயில் விழ வைத்திருக்கிறேன். தெள்ளுப்பூச்சியின் புழு காய்ந்துவிடும், சரி. கூட்டுப்புழு மாதக்கணக்கில் தாங்குமே! கடைக்காரர் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தை அடிக்கச் சொல்கிறார். முருங்கைப் பூவில் தேனீ, தொட்டியடியில் தேரை, போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பூனை. அதற்கும் அந்த மருந்து விஷம். மனசு வரவில்லை.

தெள்ளுப்பூச்சியின் புழுவைக் கொல்லும் ஸ்டெய்னர்னீமா என்ற நுண்ணிய நூற்புழுவை மண்ணில் விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மண்புழுவை ஒன்றும் செய்யாது என்று தெரியும். நம்ம ஊர் வெயிலைத் தாங்குகிறதா? மண்ணை நனைத்துச் சாயங்காலம் ஊற்றினால் போதுமா? எங்கே வாங்கினீர்கள்? வேப்பம்புண்ணாக்கு போட்டுப் பார்த்தவர்களும் சொல்லுங்க.