ரிமோட் டவர், ட்ரோன், நிதி: கன்ட்ரோலர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்?

விண்வாசல்:
லண்டன் சிட்டி விமான நிலையத்தை 2021 முதல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஸ்வான்விக் என்ற ஊரில் உட்கார்ந்து, கேமரா காட்டுகிற திரையைப் பார்த்தே கட்டுப்படுத்துகிறார்கள், இதை ரிமோட் டவர் என்கிறார்கள் என்று படித்தேன். இது விமானங்களுக்கு வழி சொல்கிற கன்ட்ரோலர்களுக்கு உதவியா, இல்லை ஆளைக் குறைக்கிற வழியா? ட்ரோன் வேறு பெருகிக்கொண்டே போகிறது. இருக்கிற பணத்தை எதில் போட வேண்டும் என்று அந்த வேலையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஓடுபாதை27:
டவர் வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். படத்தின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. இரவில் அகச்சிவப்பு கேமரா ரன்வேயில் ஓடுகிற நரியைக்கூடக் காட்டிவிடும், வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. விமானத்தின் அழைப்புப் பெயர் திரையில் அதனுடனேயே நகர்ந்து வரும், அதனால் குனிந்து ரேடாரைப் பார்த்து, நிமிர்ந்து வெளியே விமானத்தைத் தேடி, மறுபடி குனிகிற வேலை மிச்சம். சக்கரம் இறங்கியிருக்கிறதா என்று பைனாகுலரில் பார்ப்பதை ஜூம் கேமரா செய்துவிடும்.

எங்கள் கவலை வேறு. ஒரே ஆளை இரண்டு மூன்று விமான நிலையங்களை ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்வார்கள். இங்கே ஒரு விமானி இன்ஜின் கோளாறு என்று கூப்பிடுகிற அதே நேரத்தில் அங்கே ஒரு வண்டி ரன்வேக்குள் நுழைந்தால் என்ன செய்வது? அங்கே போக்குவரத்தை நிறுத்திவிடலாம் என்பார்கள். கடைசிக் கட்டத்தில் இறங்கிக்கொண்டிருக்கிற விமானத்தை அப்படி நிறுத்த முடியாது.

ஃபைபர்வழி:
முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சின்ன விமான நிலையங்களையும் யோசியுங்கள். 2015இல் ஸ்வீடனில் ஆர்ன்ஷெல்ட்ஸ்விக்கைத்தான் முதலில் இப்படி மாற்றினார்கள், சுண்ட்ஸ்வாலில் இருந்து. நார்வே 2019இல் ரெஸ்ட் என்கிற சின்னத் தீவில் தொடங்கியது. நாளுக்குச் சில விமானங்களே வருகிற இடத்தில் தனி டவரும் முழு ஷிஃப்ட்டும் யாருக்கும் கட்டுபடியாகாது.

என்னைக் கேட்டால் ஆபத்து கேபிளில்தான் இருக்கிறது. லண்டன் சிட்டிக்கு மூன்று தனித்தனி ஃபைபர் பாதைகள் போட்டிருக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்து நுவார்க் விமான நிலையத்தின் விமானங்களைப் பார்க்கிற பிலடெல்ஃபியா மையத்தில் ரேடாரும் ரேடியோவும் சுமார் 90 விநாடி போய்விட்டன. அது ரிமோட் டவர் இல்லைதான், ஆனாலும் தூரத்திலிருந்து கட்டுப்படுத்துகிற எதற்கும் அது பாடம். திரை கறுப்பாகி, கூப்பிட்டாலும் பதில் வராமல், விமானங்கள் மட்டும் பறந்துகொண்டே இருக்கிற ஒன்றரை நிமிடம். அதற்குப் பிறகு சிலர் மன அதிர்ச்சி விடுப்பில் போனார்கள், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கேமராவுக்குக் கொடுக்கிற காசை இரண்டாவது, மூன்றாவது லைனுக்கும் கொடுக்காவிட்டால் ரிமோட் டவரே வேண்டாம்.

அணுகுதளம்:
ட்ரோன் பற்றி யாரும் பேசவில்லையே. 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவலால் ஏறக்குறைய 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன, 1,40,000 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். சின்ன ட்ரோனில் டிரான்ஸ்பாண்டர் (தான் யார் என்று ரேடாருக்குச் சொல்கிற கருவி) இருக்காது, மெதுவாகப் போகிற சின்னப் பொருட்களைப் பறவைக் கூட்டத்தோடு சேர்த்து ரேடாரே வடிகட்டிவிடும். ஆகவே எங்களுக்குக் கிடைப்பது விமானி சொல்கிற ஒரு வரிதான்: "இடப்பக்கம் ஏதோ போச்சு, ட்ரோன் மாதிரி இருந்தது." அதை வைத்துக்கொண்டு பின்னால் வரிசையில் வருகிற ஆறு பேரையும் என்ன செய்வது என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும். ட்ரோன்களைக் கண்டுபிடிக்கிற கருவிகளுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான். அப்புறம் அந்தத் தகவல் எங்கள் திரைக்கு வர வேண்டும், காவல்துறையிடம் மட்டும் போய் நின்றால் எங்களுக்குப் பயனில்லை.

விண்வாசல்:
நன்றி, இந்தக் கோணங்கள் எனக்குத் தோன்றவே இல்லை. அரசுப் பணத்தை நம்பாமல் விமான நிறுவனங்களின் கட்டணத்தில் நடத்தினால் நிலைமை சரியாகுமா?

ஓடுபாதை27:
கொஞ்சம் சரியாகும். அமெரிக்காவில் 2018-19இல் பட்ஜெட் சண்டையால் அரசு முடங்கிய 35 நாட்களும் கன்ட்ரோலர்கள் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்தார்கள், கடைசி நாளில் சிலர் வராததால் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதாயிற்று. 2025இல் அதே கதை 43 நாள் நடந்தது. கனடா 1996இலேயே இந்த வேலையை நவ் கனடா என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் கொடுத்துவிட்டது, அங்கே பட்ஜெட் சண்டை டவரைத் தொடாது. ஆனால் கொரோனாவில் விமானங்கள் நின்றதும் வருமானமும் நின்றது, கட்டணத்தை 30 சதவீதம் போல உயர்த்தி ஆட்களையும் குறைத்தார்கள். ஒரு கன்ட்ரோலரைப் பயிற்சி கொடுத்துத் தனியாக உட்காரவைக்க இரண்டு மூன்று வருடம் ஆகும், கூட்டம் திரும்பி வந்த அன்று அவரைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்? வருமானம் எங்கிருந்து வந்தாலும் சரி, ஆள் எடுக்கவும் பயிற்சிக்கும் ஒதுக்குகிற பணத்தை மட்டும் எந்த வருடமும் தொடக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.