தீம் பார்க் போறோம், தண்ணி முதல்லயா ரைடு முதல்லயா?

ரெண்டுவாண்டு_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். லீவு முடியறதுக்குள்ள பசங்கள ஒரு நாள் தீம் பார்க் கூட்டிட்டுப் போயிடலாம்னு முடிவு பண்ணி ஆன்லைன்ல டிக்கெட்டும் போட்டாச்சு, போட்டப்புறம்தான் வயித்துல புளியக் கரைக்குது. நாங்க அஞ்சு பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயசுப் பெரியவன், நாலு முடிஞ்சு அஞ்சு நடக்கற சின்னவ, அப்புறம் என் மாமியார். அத்தைக்கு பிபி மாத்திரை ஓடுது, வேணாம் வெயில்னு சொன்னாலும் "நீங்க ஆடுங்க, நான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்"னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க.

பார்க்குல ட்ரை ரைடு ஒரு பக்கம், வாட்டர் ரைடு ஒரு பக்கம். கேட் தொறந்ததும் நேரா தண்ணில எறங்கிடணும், கூட்டம் சேர்றதுக்குள்ள எல்லா சறுக்கலையும் முடிச்சிடலாம்ங்கறது அவர் கணக்கு. காலைலயே நனைஞ்சா மிச்ச நாள் முழுக்க ஈரத்துணி, தலை தொவட்டறது, டிரெஸ் மாத்தற ரூம்ல க்யூன்னு என் பாடுதான் திண்டாட்டம். எது முதல்ல எது அப்புறம்? இன்னொண்ணு, பெரியவன் ரோலர் கோஸ்டர் ரோலர் கோஸ்டர்னு உயிர எடுக்கறான், ஆனா வீடியோல அது மேல ஏறும்போது வர்ற டக் டக் சத்தத்தக் கேட்டாலே காதப் பொத்திக்கறான். சின்னவ உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அவள எதுல விடுவாங்க? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராட்டினப்_பைத்தியம்

சிஸ்டர், உங்க கணக்குதான் சரி, ட்ரை ரைடு முதல்ல. சாருக்கு இதக் காட்டிடுங்க 😄

உள்ள நுழைஞ்சதும் முக்காவாசிப் பேரு கண்ணுல பட்ற முதல் ரைடுலயே க்யூல நின்னுடுவாங்க. நீங்க அதத் தாண்டி கடைசில இருக்கறதுக்குப் போயி அங்கேர்ந்து திரும்பி வாங்க, இல்லன்னா பெரிய கோஸ்டர் எதுவோ அதுக்கு நேரா போங்க. க்யூ அப்போ எவ்ளோ கம்மியோ அதுக்கப்புறம் நாள் முழுக்க அவ்ளோ கம்மியா இருக்காது, பொதுவா மூடப்போற நேரத்துலதான் மறுபடி கொறையும். அதுவுமில்லாம உச்சி வெயில்ல அந்த சீட்டும் கம்பியும் கொதிக்கும் பாருங்க, அரை ட்ரவுசர் போட்டுட்டு உக்காந்தா தொடை பொசுங்கிடும். மத்தியானம் வெயில் தாங்காம எப்படியும் தண்ணியத் தேடித்தான் ஓடப்போறீங்க, அப்ப எறங்கிக்கலாம்.

அப்புறம் அந்த டக் டக். அது பயப்பட வேண்டிய சத்தமே இல்லன்னு தம்பிகிட்ட சொல்லுங்க. சங்கிலி வண்டிய மேல இழுத்துட்டுப் போகும்போது, ஒருவேள சங்கிலி அறுந்தாக்கூட வண்டி பின்னாடி உருளாம பிடிச்சுக்க அடில ஒரு கொக்கி இருக்கும், அது பல்லு பல்லா விழுந்து ஏறுற சத்தம்தான் அது. அதாவது சத்தம் வருதுன்னா காவல் வேல செய்யுதுன்னு அர்த்தம். உச்சிக்குப் போனப்புறம் பழைய மாடல் கோஸ்டர்ல மோட்டாரே கெடையாது, ஏறின உயரத்த வேகமா மாத்திக்கிட்டே கடைசி வரைக்கும் ஓடிடும், அதனாலதான் முதல் மேடு எல்லாத்தவிட உயரமா இருக்கும். ஒன்பது வயசுப் பையனுக்கு இது புரியும், புரிஞ்சா பாதி பயம் போயிடும்.

சீட்டும் முக்கியம். கடைசிப் பெட்டில உக்கார வைக்காதீங்க, முன்னாடி பெட்டிங்க எறங்க ஆரம்பிச்சதும் பின்னாடிப் பெட்டிய உச்சியத் தாண்டி வேகமா இழுத்துடும், குடல் வாய்க்கு வந்துடும் (எனக்கு அதுதான் புடிக்கும், அது வேற கத). நடுப் பெட்டி நல்லது. கப்பல் மாதிரி ஊஞ்சலாடுமே அதுலயும் நடு வரிசைதான், ரெண்டு ஓரமும் ரொம்பத் தூக்கும்.

தல கீழா சுத்தற வளையத்தப் பாத்தா அது சரியான வட்டமா இருக்காது, கண்ணீர்த்துளி மாதிரி மேல குறுகலா இருக்கும். 1895ல அமெரிக்காவுல கோனி தீவுல வட்டமா ஒண்ணு கட்டி, அடில நுழையறப்ப வர்ற அழுத்தத்துல ஜனங்களுக்குக் கழுத்து வலி வந்துடுச்சு. இது சும்மா க்யூல நிக்கும்போது பையன்கிட்ட சொல்ல.

பழைய_ஆபரேட்டர்

ரைடு ஓட்டுற வேலைல இருந்தவன், உயரம் விஷயம் மட்டும் சொல்றேன்மா. ஒரு மீட்டருக்குக் கீழன்னா குட்டிப் பசங்க பகுதி முழுசும் பாப்பாவுக்குக் கெடைக்கும், சில ரைடுல பெரியவங்க கூட உக்காந்தா விடுவாங்க. பெரிய கோஸ்டருக்கு நெறைய எடத்துல 120லேர்ந்து 140 சென்டிமீட்டர் வரைக்கும் கேப்பாங்க, பார்க்குக்குப் பார்க் மாறும், அவங்க வெப்சைட்லயே போட்டிருப்பாங்க. தம்பிய வீட்லயே சுவத்துல நிக்க வெச்சு அளந்து, எதுல ஏற முடியும் எதுல முடியாதுன்னு மொதநாளே சொல்லிடுங்க. ஒரு மணி நேரம் க்யூல நின்னு அளவுகோல்கிட்ட வந்து திருப்பி அனுப்பினா புள்ள அழற அழுகை இருக்கே, அதப் பாத்துப் பாத்து எனக்கு அந்த வேலையே கசந்துபோச்சு.

சில அப்பாமாருங்க ஷூக்குள்ள அட்டை வெச்சு, குதிகால எக்க வெச்சு ஏத்தப் பாப்பாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அந்த அளவு தைரியத்த வெச்சுப் போட்டதில்ல, தொடை மேலயும் தோள் மேலயும் விழற அந்தக் கம்பி எந்த சைஸ் ஒடம்ப பிடிச்சு வெக்கும்னு பாத்துப் போட்டது. சின்ன ஒடம்பு அதுக்கு அடில நழுவிடும். ஆபரேட்டர்கிட்ட சண்ட போட்டும் பிரயோஜனமில்ல.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. நெறைய பார்க்குல அம்மா அப்பா ரெண்டு பேரும் மாறி மாறி ஏறிக்கலாம். ஒருத்தர் சின்னவளோட வாசல்ல நிப்பீங்க, இன்னொருத்தர் எறங்கி வந்ததும் மறுபடி க்யூல நிக்காம நீங்க போலாம். உள்ள நுழையறப்பவே அந்த வசதி இருக்கான்னு கேட்டு வெச்சுக்கங்க. அத்தைகிட்ட பாப்பாவ நாள் பூரா விட்டுட்டுப் போற மாதிரி மட்டும் வெச்சுக்காதீங்க, ஓடற கொழந்தையப் புடிக்க அவங்களால ஆகாது.

நைட்டூட்டி_நர்ஸ்

ராட்டினம் அண்ணா சொன்ன வரிசை ஓகே, ஆனா மத்தியானம் தண்ணிங்கறதுல எனக்கு ஒப்புதல் இல்ல. தண்ணில சில்லுனு இருக்கறதால வெயில் சுடறது தெரியாது, அவ்ளோதான். அரை மீட்டர் ஆழத்துலகூட மேல இருக்கற புற ஊதாக்கதிர்ல 40 சதவீதம் எறங்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம்தான் முதுகு எரியும். பன்னண்டுலேர்ந்து மூணு வரைக்கும் சாப்பாடு, ஏசி ஷோ, மேல கூரை போட்ட ரைடு. தண்ணி மூணுக்கு மேல. வெளியூர்லேர்ந்து போயி சீக்கிரம் கெளம்பணும்னா வேற வழியில்ல, முழுக்கை ஸ்விம் டிரெஸ், எஸ்பிஎஃப் 30க்குக் கொறையாத சன்ஸ்க்ரீன், வெளில எறங்கறதுக்குக் கால் மணி முன்னாடி தடவி, ரெண்டு மணிக்கு ஒரு தடவயும் தண்ணிலேர்ந்து வந்து தொடச்சப்புறமும் மறுபடி தடவணும். காலைல ஒருக்கா பூசிட்டு முடிஞ்சுதுன்னு விட்டுடக் கூடாது.

அத்தை பத்திதான் எனக்குக் கவல. பிபி மாத்திரைல சிலது ஒடம்புத் தண்ணிய யூரின்ல வெளியேத்தற வகை. வெயில்ல அவங்களுக்கு சட்டுனு தலை சுத்தும், வயசானவங்களுக்குத் தாகமும் லேட்டாத்தான் தெரியும், பாத்ரூம் தூரமா இருக்குன்னு தண்ணி குடிக்காம வேற இருப்பாங்க. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, எவ்ளோ தண்ணி குடிக்கலாம்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, கேக்காமலே கொஞ்சம் கொஞ்சமா குடுத்துட்டே இருங்க.

நெறைய வேர்த்து, மொகம் வெளுத்து, கால் இழுத்துப் புடிச்சு, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னா உடனே நெழலு, ஈரத்துணி, விசிறி, ஓஆர்எஸ். ஆளு பேச்சு கொழறுது, சொல்றது புரியல, ஒடம்பு அனலாக் கொதிக்குதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக், ஒடம்புச் சூடு 40 டிகிரியத் தொட்டிருக்கும். அப்ப வாயில தண்ணி ஊத்தாதீங்க, பொரை ஏறிடும். ஒடம்பு மேல ஊத்தி விசிறிக்கிட்டே பார்க்கோட ஃபர்ஸ்ட் எய்டக் கூப்புடுங்க, ஆம்புலன்ஸும் சொல்லிடுங்க.

அலைக்குளத்துல சின்னவ உங்க கை எட்டற தூரத்துலதான் இருக்கணும். முங்கற கொழந்த கத்தாது, கைய ஆட்டாது, சத்தமில்லாம கீழ போயிடும். கைல மாட்டற காத்துப் பை பாதுகாப்புன்னு நம்பாதீங்க. லைஃப் கார்டு இருக்காரேன்னு ஃபோனப் பாக்காதீங்க.

மூணுபேரோட_அப்பா

மேல எல்லாம் சொல்லிட்டாங்க, விட்டுப்போனது மட்டும். ஸ்விம் டிரெஸ் நீலக் கலர்ல வாங்காதீங்க, தண்ணிக்குள்ள தெரியவே தெரியாது, பளிச்சுனு ஆரஞ்சு இல்ல ரோஸ். காட்டன் டி ஷர்ட்டோட எறங்கினா நனைஞ்சு கனத்துத் தொங்கும், சறுக்கல்ல விடமாட்டாங்க. எறங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஷவர்ல குளிச்சுட்டு எறங்குங்க, கண்ணு எரியறது வெறும் குளோரினால இல்ல, வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்து வர்றது. ஆமா, அதேதான் 🤢

கேட்லயே ரெண்டு பசங்களயும் ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க, அன்னிக்கு என்ன டிரெஸ்னு பதட்டத்துல ஞாபகம் வராது. தொலைஞ்சா தேடி அலையாத, யூனிஃபார்ம் போட்டவங்ககிட்ட போயி நின்னுக்கோன்னு சொல்லிக்குடுங்க. சுத்தற ரைடு சாப்டு கொறஞ்சது ஒரு மணி நேரம் கழிச்சு. கண்ணு சொல்றதும் உள்காது சொல்றதும் ஒத்துப்போகாததாலதான் கொமட்டும், அந்த வயசுப் பசங்களுக்கு அது ஜாஸ்தி.

ரெண்டுவாண்டு_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி! அவர்கிட்ட படிச்சுக் காட்டிட்டேன், "சரி சரி ட்ரை ரைடே போலாம்"னு மொகத்தத் தூக்கி வெச்சுட்டு ஒத்துக்கிட்டாரு. பெரியவன அளந்தாச்சு, 131 வர்றான், அந்த பார்க் கோஸ்டருக்கு 130 போதும். இப்ப வீடு பூரா டக் டக்னு சொல்லிக்கிட்டே திரியறான்.

நர்ஸ் சிஸ்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அத்தைக்குப் போன மாசம்தான் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. மெதுவா ட்யூப்ல மெதந்துட்டு போற ஆறு ஒண்ணு இருக்கே, அதுல மட்டும் ஆசப்படறாங்க, உக்கார வெக்கலாமா?

நைட்டூட்டி_நர்ஸ்

ஆபரேஷன் ஆன சில வாரத்துக்குக் கண்ணுல குளத்துத் தண்ணி படவே கூடாதும்மா, இன்ஃபெக்ஷன் ஆயிடும். அந்த ஆத்துல ஓரமெல்லாம் பீச்சியடிக்கும், பசங்க வேற தெளிப்பாங்க, தப்ப முடியாது. ஆபரேஷன் பண்ண டாக்டர் சரின்னு சொன்னா மட்டும் எறக்குங்க, நீங்களா முடிவு பண்ண வேணாம். அதுவரைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டு, தண்ணி தெறிக்காத நெழலான எடமாப் பாத்து உக்கார வைங்க, சொட்டு மருந்து நேரம் வந்தா கையக் கழுவிட்டு ஊத்துங்க.